மேலிருந்து நோக்கிய மண்: தெல்தோட்டைச் சரிவுகளும் ஈரலிப்பு அளவீட்டின் வரலாறும்

வேளாண்மையின் வரலாறு பெரும்பாலும் நிலத்தின் வரலாறாகவும் நீரின் வரலாறாகவும் தனித்தனியே எழுதப்பட்டு வந்துள்ளது. நிலவுடைமை, குடியேற்றம், கூலி என்பன ஒருபுறமும், குளம், கால்வாய், அணை என்பன மறுபுறமும் ஆராயப்பட்டன. இவ்விரண்டும் சந்திக்கும் இடம் மண்ணின் ஈரலிப்பாகும். விழுகின்ற மழை முழுவதும் பயிருக்குப் பயன்படுவதில்லை. ஒரு பகுதி வழிந்தோடுகிறது. ஒரு பகுதி ஆவியாகிறது. எஞ்சியதை மண் தன்னிடத்தே நிறுத்திக்கொள்கிறது. அந்த எஞ்சிய பங்கே பயிரின் முதலாகும். அதனை அளப்பதற்கு மனிதன் மேற்கொண்ட முயற்சிகள் கைப்பிடி மண்ணில் தொடங்கி, இன்று புவியைச் சுற்றிவரும் செய்மதிகள் வரை வந்து நிற்கின்றன.

கண்டி நகருக்குத் தென்கிழக்கே, பேராதனையிலிருந்து கலஹா வழியாகச் செல்லும் மலைப்பாதையில் அமைந்துள்ளது தெல்தோட்டை. இலங்கைத் தேயிலையின் பிறப்பிடமாகக் கருதப்படும் லூல்கந்துரத் தோட்டம் இதன் அயலிலேயே உள்ளது. ஏறத்தாழ ஒன்றே முக்கால் நூற்றாண்டாக ஏற்றுமதிப் பயிர்களைச் சுமந்துவரும் இச்சரிவுகளில், மண்ணின் ஈரலிப்பு ஏட்டறிவுக்குரிய பொருள் மட்டுமன்று. கொழுந்தின் அளவையும், அதன்வழி தொழிலாளியின் நாட்சம்பளத்தையும் நிர்ணயிக்கும் காரணிகளுள் அது ஒன்றாகும். விண்ணிலிருந்து மண்ணின் ஈரத்தை அளக்கும் கலை எவ்வாறு வளர்ந்தது, அக்கலை இத்தகைய மலைச்சரிவுகளுக்கு எந்த அளவுக்குப் பயன்படக்கூடும் என்னும் இரு வினாக்களையும் இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடையிலிருந்து கருவிக்கு

மண்ணின் ஈரத்தை அளவாற் கூறும் எண்ணம் தமிழுக்குப் புதியதன்று. திருக்குறளின் உழவு அதிகாரத்தில், ஒரு பலப் புழுதி காற்பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் செழிக்கும் என்ற கருத்து இடம்பெறுகின்றது. இக்கூற்றை இன்றைய மண்ணியல் அளவுகளுடன் நேருக்குநேர் ஒப்பிடுதல் பொருந்தாது. சாதாரண வயல்மண் தன் எடையில் முக்காற்பங்கை நீராகக் கொண்டிருப்பதில்லை. ஆயினும், மண் காய்தலை எடையின் குறைவாகக் காணும் பார்வை அங்கே தெளிவாக உள்ளது.

நவீன மண்ணியலின் அடிப்படை முறையும் இதுவே. வயலில் எடுத்த மண்ணை நிறுத்து, 105 பாகை செல்சியசு வெப்பநிலையில் அடுப்பில் உலர்த்தி, மீண்டும் நிறுக்கின்றனர். குறைந்த எடை நீரின் எடையாகும். பின்னர் தோன்றிய முறைகள் அனைத்தும் இறுதியில் இம்முறையைக் கொண்டே சரிபார்க்கப்படுகின்றன. ஆனால் ஒரு முறை எடுத்து உலர்த்திய மண்ணை மறுபடி அளக்க முடியாது. அடுத்த வாரம் அளப்பதற்கு வேறோர் இடத்தில் தோண்டவேண்டும்.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நீரை மண் எவ்வளவு இறுக்கமாகப் பற்றியுள்ளது என்பதைக் காட்டும் இழுவிசைமானி உருவாயிற்று. நுண்துளைகளுள்ள களிமண் கிண்ணம் ஒன்றை மண்ணுட் புதைத்து, அதனுடன் இணைந்த குழாயிலுள்ள நீரை மண் எத்துணை விசையுடன் இழுக்கின்றது என்பதை இக்கருவி காட்டியது. 1950களில் நியூத்திரன் மானி வந்தது. வேகமாகச் செல்லும் நியூத்திரன்கள் நீரிலுள்ள ஐதரசன் அணுக்களில் மோதி வேகம் குன்றும் தன்மையை இது பயன்படுத்தியது. 1980இல் கனடிய ஆய்வாளர் தொப்பும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, மண்ணிற் செருகிய கம்பிகளின் வழியே மின்துடிப்புச் செல்லும் நேரத்தைக் கொண்டு ஈரலிப்பைக் கணிக்கும் முறைக்கு உறுதியான அடித்தளம் இட்டது.

இக்கருவிகள் யாவும் துல்லியமானவை. ஆனால் இவை அனைத்தும் ஒரு புள்ளியையே அளக்கின்றன. சமவெளி வயலொன்றில் ஒரு புள்ளி அயலிலுள்ள பல புள்ளிகளுக்குச் சான்றாக நிற்கலாம். தெல்தோட்டை போன்ற இடத்தில் அவ்வாறன்று. ஒரே தேயிலை மலையின் மேட்டில் பாறை தலைகாட்டும். நடுச்சரிவில் மண் மெலிந்திருக்கும். அடிவாரத்தில் நீர் கசியும். நூறு மீற்றர் நடப்பதற்குள் ஈரலிப்பு முற்றாக மாறிவிடும். ஆகவே புள்ளியிலிருந்து பரப்புக்குச் செல்லும் தேவை மலைநாட்டில் மிகுதியாகும்.

மண் மெலிந்த வரலாறு

தெல்தோட்டைச் சரிவுகளின் இன்றைய ஈரலிப்பு நிலையை இன்றைய மழையைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது. அதற்கு 19ஆம் நூற்றாண்டுக்குச் செல்லுதல் அவசியம். கோப்பிச் செய்கையின் பொருட்டுக் கண்டிப் பிரதேசத்தின் காடுகள் பெருமளவில் வெட்டி எரிக்கப்பட்டன. 1870களில் இலங்கையின் கோப்பி நிலம் இரண்டரை இலட்சம் ஏக்கரையும் விஞ்சியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பினாலேயே இந்நிலங்கள் திருத்தப்பட்டன. கோப்பிச் செடிகளுக்கிடையே ஒரு புல்லும் முளையாதவாறு நிலத்தைச் சுரண்டித் துப்புரவாக வைத்திருத்தல் அக்காலத்தில் நல்ல தோட்ட நிர்வாகத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. மூடுபடையை இழந்த மண்ணைப் பருவமழை அடித்துச் சென்றது.

1852இல் இலங்கைக்கு வந்த சுகொத்லாந்தினரான ஜேம்ஸ் தெயிலர், 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பி இலைகளில் துருநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்து, அதன் இடத்தைத் தேயிலை பெற்றுக்கொண்டது. இம்மாற்றத்தைப் பயிரின் வெற்றியாகவே வரலாற்று நூல்கள் பெரிதும் கூறுகின்றன. மண்ணின் நோக்கில் இதற்கு இன்னொரு பொருள் உண்டு. பல சரிவுகளில் தேயிலை நடப்பட்டது கன்னி மண்ணிலன்று. கோப்பி ஏற்கெனவே மெலியச் செய்த மண்ணிலேயாகும். 1873இல் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் காடழிப்பின் விளைவுகளைச் சுட்டிக்காட்டியதைத் தொடர்ந்து 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைப் பாதுகாக்கும் கொள்கை உருவாயிற்று. தெல்தோட்டையைச் சூழ்ந்த சரிவுகளிற் பெரும்பகுதி அவ்வெல்லைக்குக் கீழே இருந்தமையால் அப்பாதுகாப்பு அவற்றைச் சென்றடையவில்லை.

மண்ணரிப்பை ஆராய நியமிக்கப்பட்ட குழுவின் அறிக்கை 1931இல் வெளிவந்தது. இருபது ஆண்டுகளின் பின்னர், 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சமவுயரக் கோட்டு நடுகை, கான் வெட்டுதல், கல்லணை கட்டுதல், குவாத்தமாலாப் புல் வளர்த்தல் ஆகியன பரிந்துரைக்கப்பட்டன. இவையெல்லாம் நிகழ்வதற்கு முன்னரே இழக்கப்பட்ட மேன்மண் மீளவில்லை.

மண்ணின் ஆழம் குறைதல் ஈரலிப்புக்கு என்ன செய்கின்றது என்பதை எளிய கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். 10 சதமமீற்றர் ஆழமுள்ள மண், செடி உறிஞ்சத்தக்க நீராக 15 மில்லிமீற்றரைத் தாங்குகின்றது எனவும், தேயிலை நாளொன்றுக்கு 3 மில்லிமீற்றர் நீரைச் செலவிடுகின்றது எனவும் கொண்டால், அந்த 10 சதமமீற்றர் மண் ஐந்து நாளைக்குச் செடியைக் காக்கும். 30 சதமமீற்றர் மண்ணை இழந்த சரிவு பதினைந்து நாட் சேமிப்பை இழந்ததாகும். எனவே அயலிலுள்ள இரு மலைகளில் ஒரே அளவு மழை பெய்தாலும், மண் மெலிந்த மலையில் வரட்சி இரு வாரங்கள் முந்தியே தொடங்குகின்றது. வானிலை அவதான நிலையத்தின் மழைமானி இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை.

ஆகாயத்திலிருந்து வந்த முதற் பார்வை

இலங்கை மண்ணை மேலிருந்து முறையாக நோக்கும் முயற்சி 1956இல் எடுக்கப்பட்ட விமான ஒளிப்படங்களுடன் தொடங்கியது எனலாம். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் உதவியுடன் ஹண்டிங் அளவை நிறுவனமும் இலங்கை நில அளவைத் திணைக்களமும் இணைந்து இப்பணியை ஆற்றின. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 44 சதவீதம் காடாக இருந்ததென்ற மதிப்பீடு அப்படங்களிலிருந்து பெறப்பட்டதாகும். மகாவலி கங்கை வடிநிலத்தின் வளங்கள் பற்றிய அறிக்கை 1962இல் வெளியிடப்பட்டது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. மலைச்சரிவுகளை மேலிருந்து நோக்கிய அப்பார்வையிற் பெரிதும் முன்னின்றது நீர்த்தேக்கத்தின் தேவை. மலைநாடு நீரைத் திரட்டி உலர்வலயத்துக்கு அனுப்பும் நீரேந்து பரப்பாகக் காணப்பட்டது. பொல்கொல்லை அணை 1976இல் இயங்கத் தொடங்கியதும், விக்டோரியா அணை 1985இல் திறந்துவைக்கப்பட்டதும் இப்பார்வையின் வளர்ச்சிகளே. மேல் மகாவலி நீரேந்து பரப்பின் மண்ணரிப்புப் பற்றி அதன் பின்னர் எழுந்த அக்கறைக்கு நீர்த்தேக்கங்களில் வண்டல் படியுமோ என்ற அச்சம் ஒரு முக்கிய காரணமாகும். மண் எங்கே சென்று சேர்கின்றது என்பது கேட்கப்பட்ட அளவுக்கு, மண்ணை இழந்த இடத்தில் ஈரம் என்னவாயிற்று என்பது கேட்கப்படவில்லை.

இதே காலப்பகுதியில் அயல்நாடான இந்தியாவில் வேறொரு வகைப் பரிசோதனை நடைபெற்றது. இந்தியத் தொலையுணர்வியலின் தந்தை எனப் போற்றப்படும் பி. ஆர். பிஷரொட்டி, 1970ஆம் ஆண்டளவில் கேரளத் தென்னந்தோப்புகளின் மேலாக உலங்கு வானூர்தியிற் பறந்து, அகச்சிவப்பு ஒளிப்படச் சுருளைக் கொண்டு வேர்வாடல் நோயை ஆராயும் முயற்சிக்குத் தலைமை தாங்கினார். இரண்டாம் உலகப் போரில் மறைந்திருக்கும் படைக்கலங்களைக் கண்டுபிடிக்கப் பயன்பட்ட ஒளிப்படச் சுருள், இங்கே பயிரின் நலிவைக் கண்டறியும் கருவியாயிற்று. 1972 யூலை 23ஆந் திகதி அமெரிக்கா ஏவிய செய்மதி, பின்னர் லான்ட்சற் எனப் பெயர்பெற்று, உலகின் நிலப்பரப்பை 18 நாளுக்கு ஒரு முறை ஏறத்தாழ 80 மீற்றர் நுணுக்கத்துடன் படம்பிடிக்கத் தொடங்கியது. 1980களில் சுவிட்சர்லாந்தின் உதவியுடன் இலங்கை நில அளவைத் திணைக்களத்திலும் தொலையுணர்வுப் பணிகள் விரிவடைந்தன.

ஆயினும் ஒளிப்படங்கள் மண்ணின் ஈரத்தை நேரடியாகக் காட்டுவதில்லை. ஈரமண் கருமையாகத் தோன்றும் என்பது உண்மையே. ஆனால் பயிர் மூடிய நிலத்தில் மண்ணே தோன்றாது. பயிரின் பசுமை குன்றுவதைக் கொண்டு வரட்சியை ஊகிக்கலாம். தேயிலையோ என்றும் பசுமையானது. அதன் இலை நிறம் மாறுவதற்கு நெடுநாள் முன்னரே கொழுந்து குறைந்துவிடுகின்றது. மேலும், மழைக்காலத்தில் மலைநாட்டை மூடும் முகில் ஒளியைத் தடுத்துவிடுகின்றது.

நுண்ணலையின் வருகை

இத்தடையைக் கடக்க உதவியது நீரின் தனித்தன்மை ஒன்றாகும். ஒரு பொருள் மின்புலத்துக்கு எவ்வாறு எதிர்வினை காட்டுகின்றது என்பதைக் குறிக்கும் எண் மின்னுழைய மாறிலி எனப்படும். உலர்ந்த மண்ணுக்கு இது 3 முதல் 5 வரை; நீருக்கு ஏறத்தாழ 80. ஆகவே மண்ணில் நீர் சேரச் சேர அதன் மின்னியல்பு பெரிதும் மாறுகின்றது. எல்லாப் பொருள்களும் தம் வெப்பநிலைக்கேற்பச் சிறிதளவு நுண்ணலைக் கதிர்ப்பை வெளிவிடுகின்றன. உலர்மண் இதனை மிகுதியாகவும் ஈரமண் குறைவாகவும் வெளிவிடும். இவ்வேறுபாட்டை வானிலிருந்து அளந்தால் மண்ணின் ஈரலிப்பைக் கணிக்கலாம். ஏறத்தாழ 21 சதமமீற்றர் அலைநீளமுள்ள கதிர்ப்பு முகிலையும் மெல்லிய பயிர்ப்போர்வையையும் ஊடுருவி வருவதால் இதற்கு மிக ஏற்றதாகும்.

இந்த அலைநீளத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. விண்வெளியில் பரந்துள்ள ஐதரசன் வெளிவிடும் கதிர்ப்பும் இதுவே. 1951இல் அது முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. அதனை ஆராயும் வானியலாளர்களின் பொருட்டு 1400 முதல் 1427 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைவரிசையில் ஒலிபரப்புச் செய்தல் சர்வதேச விதிகளால் தடைசெய்யப்பட்டது. வானத்தை நோக்குவோருக்காக அமைதியாக வைக்கப்பட்ட அலைவரிசை, பின்னர் மண்ணை நோக்குவோருக்கும் உதவியது.

1973இல் ஏவப்பட்ட ஸ்கைலாப் விண்ணாய்வகத்தில் இந்த அலைநீளத்துக்குரிய கதிர்ப்புமானி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அமெரிக்கச் சமவெளிகளின் மேலாக அது எடுத்த அளவீடுகள் நிலத்தின் ஈரலிப்புடன் நன்கு பொருந்தின. 1978இல் ஏவப்பட்ட சீசற் செய்மதி விண்ணிலிருந்து றேடார்ப் படங்களை எடுத்துக்காட்டியது. அது இயங்கியது 105 நாட்களே. இந்தியா 1979இல் ஏவிய பாஸ்கரா செய்மதியும் நுண்ணலைக் கதிர்ப்புமானி ஒன்றைக் கொண்டிருந்தது. கடலும் வளிமண்டலமுமே அதன் முதன்மையான ஆய்வுப்பொருள்களாக இருந்தன.

மண்ணின் ஈரலிப்பைத் தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்ட செய்மதி விண்ணேறுவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஸ்மொஸ் 2009 நவம்பர் 2ஆந் திகதி ஏவப்பட்டது. மூன்று கைகளில் 69 சிறு வாங்கிகளைப் பரப்பி, அவற்றை ஒரே பெரிய உணர்கொம்பாக இயங்கச் செய்வது அதன் அமைப்பு. 2015 சனவரி 31ஆந் திகதி அமெரிக்காவின் நாசா நிறுவனம் ஸ்மப் செய்மதியை ஏவியது. 6 மீற்றர் விட்டமுள்ள சுழலும் வலைத்தட்டை உடைய இச்செய்மதி, இரண்டு மூன்று நாட்களுக்குள் உலகம் முழுவதையும் அளந்துவிடுகின்றது.

சரிவு எழுப்பும் வினா

இத்துணை வளர்ச்சி தெல்தோட்டைச் சரிவுக்கு எதைக் கொண்டுவந்தது என்று வினவுமிடத்து, விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை. இதற்கு நான்கு காரணங்கள் உள்ளன.

முதலாவது, பரப்பின் அளவு. உணர்கொம்பு எவ்வளவு நுணுக்கமாகக் காணும் என்பது அலைநீளத்தை அதன் விட்டத்தால் வகுத்து வரும் விகிதத்தைப் பொறுத்தது. 21 சதமமீற்றர் அலையை 6 மீற்றர்த் தட்டினால் 685 கிலோமீற்றர் உயரத்திலிருந்து நோக்கினால், நிலத்திற் பல பத்துக் கிலோமீற்றர் அகலமுள்ள பகுதி ஒரே புள்ளியாகவே தெரியும். ஸ்மப் கதிர்ப்புமானியின் அளவீடு 36 கிலோமீற்றர்ப் பக்கமுள்ள சதுரங்களாகவே முதலில் வழங்கப்படுகின்றது. அத்தகைய ஒரு சதுரத்தின் பரப்பு 1,296 சதுர கிலோமீற்றர். கண்டி மாவட்டத்தின் 1,940 சதுர கிலோமீற்றரில் மூன்றில் இரண்டு பங்கு. கண்டி நகரமும், ஹந்தானை மலையும், விக்டோரியா நீர்த்தேக்கமும், தெல்தோட்டையும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடலாம்.

இரண்டாவது, ஆழம். இக்கதிர்ப்பு பெரும்பாலும் மேல் 5 சதமமீற்றர் மண்ணின் நிலையையே தெரிவிக்கின்றது. தேயிலையின் வேர் அதற்கு மிகக் கீழே செல்கின்றது. விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலைக்கு ஆழமான ஆணிவேர் உண்டு. வெட்டுத்துண்டிலிருந்து வளர்க்கப்பட்ட புதிய இனங்களுக்கு அத்தகைய ஆணிவேர் இல்லை. எனவே மேன்மண் காய்ந்திருக்கும் ஒரே நாளில், ஒரு மலை தாங்கி நிற்கும். மற்றொரு மலை வாடிவிடும்.

மூன்றாவது, போர்வை. நன்கு வளர்ந்த தேயிலையின் மேற்றளம் இடைவெளியின்றி நிலத்தை மூடுகின்றது. அதன்மேல் நிழல்மரங்களும் உள்ளன. இலைகளிலும் கிளைகளிலும் உள்ள நீரும் நுண்ணலையைப் பாதிப்பதால் மண்ணின் குரல் மங்கிவிடுகின்றது.

நான்காவது, சரிவு. பக்கவாட்டிலிருந்து அலையை அனுப்பித் திரும்பப் பெறும் றேடார், தன்னை நோக்கிய மலைப்பக்கத்தை ஒடுக்கியும், செங்குத்தான உச்சியை அடிவாரத்தின்மேல் சாய்த்தும், மறுபக்கத்தை நிழலில் மறைத்தும் காட்டும். ஸ்மப் செய்மதிக்கு வகுக்கப்பட்ட துல்லிய இலக்கே, மலைப்பாங்கான நிலத்தையும் அடர்ந்த தாவரப் பரப்பையும் விலக்கியே வகுக்கப்பட்டது. அதாவது, தெல்தோட்டை போன்ற இடத்துக்குத் தான் பொறுப்பேற்கவில்லை என்று கருவியே முன்கூட்டிக் கூறிவிடுகின்றது.

ஸ்மப் செய்மதியின் வரலாற்றில் நிகழ்ந்த ஓர் இழப்பும் இங்கு நினைவுகூரத்தக்கது. கதிர்ப்புமானியுடன் றேடார் ஒன்றையும் அது சுமந்து சென்றது. றேடாரின் நுணுக்கத்தையும் கதிர்ப்புமானியின் துல்லியத்தையும் இணைத்து 9 கிலோமீற்றர் அளவில் ஈரலிப்பை வழங்குவது திட்டம். 2015 யூலை 7ஆந் திகதி, ஏவப்பட்ட ஆறு மாதத்துக்குள், அந்த றேடார் செயலிழந்தது. பின்னர் ஐரோப்பாவின் சென்ரினல் செய்மதிகளின் றேடார்த் தரவுகளை இணைத்து அவ்விடத்தை ஓரளவு நிரப்பினர். சமவெளிகளுக்கு அது பயன்பட்டது. மலைக்கு அதன் பயன் குறைவாகவே இருந்தது.

எவருக்காக அளப்பது

இவ்வினாவை விஞ்ஞான நுட்பம் சார்ந்த ஒன்றாக மட்டும் கருதிவிட முடியாது. மண்ணின் ஈரலிப்புக் குறையும்போது தோட்டத்தில் நிகழ்வது யாவரும் அறிந்ததே. தை முதற் பங்குனி வரையான வரட்சியில் கொழுந்து சுருங்குகின்றது. கொழுந்தெடுக்கும் சுற்று நீள்கின்றது. குறித்த கிலோவை, தோட்ட வழக்கில் நோம் எனப்படும் அளவை, எட்டாதவருக்கு அரைப்பேர் போடும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலமாக உண்டு. காலை முதல் மாலை வரை மலையேறி நின்றவரின் நாள், பாதி நாளாகக் கணக்கிடப்படுகின்றது. மண் காய்ந்த குறைக்கு அவருடைய கை பொறுப்பேற்கவேண்டியதாகின்றது.

2015இல் ஏறத்தாழ 32.9 கோடி கிலோகிராமாக இருந்த இலங்கையின் தேயிலை உற்பத்தி 2016இல் 29.2 கோடி கிலோகிராமாகக் குறைந்தது. களைகொல்லித் தடை போன்ற பிற காரணங்களும் இதிற் பங்குகொண்டன எனினும், அவ்வாண்டின் கடும் வரட்சி முக்கியமானது. இத்தகைய தேசியக் கணக்கில் வீழ்ச்சியின் மொத்தம் தெரிகின்றது. எந்தச் சரிவில், எந்த வாரத்தில், எவ்வளவு நீர்க்குறை இருந்தது என்பது தெரிவதில்லை. அது தெரிந்தால், கொழுந்து குறைந்தது உழைப்பின் குறையாலா மண்ணின் குறையாலா என்பதைச் சான்றுடன் பேசலாம். எந்த மலையில் வரட்சி தாங்கும் இனத்தை நடுவது, எதனைப் புல்லுக்கும் மரத்துக்கும் விடுவது, எப்போது உரமிடுவது என்பனவும் அவ்வறிவினால் தெளிவாகும்.

ஈரலிப்பின் மறுமுனையிலும் ஆபத்து உண்டு. 2014 ஒக்தோபர் 29ஆந் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டக் குடியிருப்புகளை மூடியது. நீர் நிரம்பிய மண் தன் பிடியை இழக்கும் கணத்தை முன்னறிவதற்கும் இதே அளவீடே வேண்டப்படுகின்றது. வரட்சிக்கும் மண்சரிவுக்கும் இடையே வாழும் மக்களுக்கு, மண்ணில் எவ்வளவு நீர் உண்டு என்பது வருவாயையும் உயிரையும் ஒருசேரத் தொடும் வினாவாகும்.

இயலக்கூடிய வழிகள்

மேலே கூறிய குறைகளால் தொலையுணர்வு மலைக்கு உதவாது என முடிவுசெய்தல் அவசரமாகும். வேறு வழிகள் திறந்துள்ளன. நீர் குறையும்போது தேயிலை தன் இலைவாய்களை மூடிக்கொள்ளும். ஆவியுயிர்ப்புக் குறைவதால் இலையின் வெப்பநிலை உயரும். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் அரிசோனாவில் இட்சோ, ஜக்சன் ஆகியோர் இவ்வெப்பநிலையைக் கொண்டு பயிரின் நீர்த்தாகத்தை அளக்கலாம் என்பதைக் கோதுமைப் பயிரில் காட்டினர். 2013இல் ஏவப்பட்ட எட்டாவது லான்ட்சற் செய்மதியின் வெப்ப உணர்கருவி நிலத்தை 100 மீற்றர் நுணுக்கத்துடன் நோக்குகின்றது. இது ஒரு தேயிலை மலையைத் தனியே பிரித்தறியப் போதுமானது. 16 நாளுக்கு ஒரு முறையே அது வரும் என்பதும், முகில் அதனைத் தடுக்கும் என்பதும் மெய்யே. ஆனால் வரட்சிக்காலமே முகில் குறைந்த காலமாகும்.

இந்தியாவும் அமெரிக்காவும் இணைந்து உருவாக்கிய நிசார் செய்மதி 2025 யூலை 30ஆந் திகதி சிறீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 24 சதமமீற்றர் அலைநீளமுள்ள றேடாரைக் கொண்ட அது, 12 நாட் சுழற்சியில் நிலத்தை அளப்பதற்கும், ஈரலிப்பை 200 மீற்றர் அளவில் வழங்குவதற்கும் திட்டமிடப்பட்டதாகும். நீண்ட அலை பயிர்ப்போர்வையைச் சற்று எளிதாக ஊடுருவும். சரிவின் சிக்கல் அதற்கும் உண்டு.

எனினும், செய்மதி தரும் எண் எதுவாயினும், அதனைச் சரிபார்க்க நிலத்தில் அளவீடு வேண்டும். உலகில் இதற்கென அமைக்கப்பட்ட நிலையங்களிற் பெரும்பாலானவை சமவெளிகளிலேயே உள்ளன. வெப்பவலய மலைச்சரிவுகளில் அவை அரியன. 2008இல் அமெரிக்க ஆய்வாளர் செறெடாவும் பிறரும் முன்வைத்த அண்டக்கதிர் நியூத்திரன் முறை, நிலத்தின்மேல் வைத்த ஒரு கருவியால் சில நூறு மீற்றர்ச் சுற்றளவிலுள்ள ஈரலிப்பை ஒருசேர அளக்கின்றது. புள்ளிக்கும் செய்மதிச் சதுரத்துக்கும் இடைப்பட்ட இந்த அளவு, ஒரு தேயிலை மலையின் அளவோடு ஒத்திருப்பது கவனத்துக்குரியது.

இப்பணிக்கு வேண்டிய நிறுவனங்கள் தொலைவில் இல்லை. பேராதனையில் விவசாயத் திணைக்களமும் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் உள்ளன. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் மத்திய மலைநாட்டு நிலையம் ஹந்தானையில் அமைந்துள்ளது. தெல்தோட்டை இவற்றிலிருந்து ஒரு காலைப்பொழுதின் பயணத் தூரத்திலேயே இருக்கின்றது. மேடு, நடுச்சரிவு, அடிவாரம் என்னும் மூவிடங்களிலும், மூன்று ஆழங்களில், ஆண்டு முழுவதும் ஈரலிப்பை அளந்து, அதே மலையின் நாளாந்தக் கொழுந்துக் கணக்குடன் ஒப்பிடும் ஆய்வுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. கொழுந்துக் கணக்கு ஏற்கெனவே தோட்டத்துச் செக்ரோல் ஏடுகளில் உள்ளது. எந்த மலை முதலிற் காயும், எந்தக் கானில் மாசியிலும் நீர் கசியும் என்பன அம்மலைகளில் தலைமுறைகளாக வேலைசெய்தோர் அறிந்தவையே. கருவியை எங்கே புதைப்பது என்பதை அவர்களிடமிருந்து அறிவது ஆய்வுக்கு வலிமை சேர்க்கும்.

தெல்தோட்டைச் சரிவுகள் இதுவரை பலமுறை அளக்கப்பட்டுள்ளன. கோப்பித் துரைமார் ஏக்கரில் அளந்தனர். பொறியியலாளர் வழிந்தோடும் நீரில் அளந்தனர். தோட்ட நிர்வாகம் கொழுந்தின் கிலோவில் அளந்தது. ஒவ்வோர் அளவும் அதனை வேண்டியவரின் தேவைக்கு விடையளித்தது. மண்ணில் எஞ்சியுள்ள நீரை அந்த மண்ணில் உழைப்பவரின் தேவையை முன்வைத்து அளக்கும் பணி எஞ்சி நிற்கின்றது. செய்மதிகள் நாள்தோறும் இம்மலைகளைக் கடந்து செல்கின்றன. அவை அனுப்பும் எண்களுக்குப் பொருள் தரவல்ல அளவீடு, மலையில் தோண்டி எடுத்து, அடுப்பில் உலர்த்தி நிறுக்கப்படும் ஒரு பிடி மண்ணிலிருந்தே தொடங்கவேண்டியுள்ளது.